கடைமடைக்கும் காற்று: ஹாட் ராட் பையன்களும் கையால் செய்த மேனிஃபோல்டுகளும்

1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் 460 டாலர் வைத்திருந்த ஒருவர் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு ரோட்ஸ்டர் காரை வாங்கி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். அதற்கு முன்பு வி8 எஞ்சின் என்பது காடிலாக், லிங்கன் வாங்குகிற பணக்காரர்களின் சமாச்சாரம். ஹென்றி ஃபோர்டு எஞ்சின் பிளாக் முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்க்க வைத்து, அதை சாதாரண மனிதரின் காருக்குள் இறக்கிவிட்டார். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர். 65 குதிரைத்திறன். வால்வுகள் எல்லாம் பிளாக்கின் உள்ளேயே இருக்க, மேலே இருக்கும் ஹெட் வெறும் தட்டை மூடிதான். அதனால் அதற்கு 'பிளாட்ஹெட்' என்று பெயர் வந்தது.

அந்தக் காலம் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம் என்பதை மறந்துவிடக்கூடாது. புதுக் கார் வாங்க முடியாத தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் இரண்டாம் கை, மூன்றாம் கை ஃபோர்டுகளை வாங்கினார்கள். மட்கார்டு, பம்பர், விண்ட்ஷீல்டு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்தார்கள். பிறகு எஞ்சினில் கை வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மலையைத் தாண்டிப் போனால் மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரி. களிமண் காய்ந்து சிமெண்ட் தளம் மாதிரி மைல் கணக்கில் கிடக்கும். வார இறுதியில் அங்கே போய் யார் வண்டி வேகம் என்று ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த வண்டிகளுக்கு 'ஹாட் ராட்' என்ற பெயர் பரவியது பிற்பாடு, இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயத்தில்தான். அதற்கு முன்பே இந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. 1937ல் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து எஸ்.சி.டி.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கி, நேரம் எடுப்பதையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தும் அளவுக்குப் போனது.

இந்தக் கட்டுரை அந்த எஞ்சினில் ஒரே ஒரு பாகத்தைப் பற்றியது: இன்டேக் மேனிஃபோல்டு. கார்புரேட்டரில் கலந்த பெட்ரோலையும் காற்றையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய் அமைப்பு. அதை வீட்டுப் பின்கட்டிலும் மெக்கானிக் ஷெட்டிலும் கையால் செய்தவர்களின் கதை, ஒரு பெரிய தொழில்துறை எப்படிப் பிறந்தது என்பதன் கதையும்கூட.

முதலில் அந்த பாகம் செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரியிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால் வருகிறது, எட்டு வயல். மடைக்குப் பக்கத்து வயல் நிறைந்து வழியும், கடைமடை வயல் காயும். மேனிஃபோல்டும் இதே கதைதான். நடுவில் ஒரு கார்புரேட்டர். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்கு பெட்ரோல் தாராளமாகப் போகும். கோடியில் இருக்கும் சிலிண்டருக்குக் குறைவாகப் போகும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்று வளைவில் திரும்பிவிடும், ஆனால் பெட்ரோல் துளி கனமானது. அது நேராகப் போய்ச் சுவரில் மோதி, ஈரமாக ஒட்டிக்கொண்டு, கீழே ஓடும். ஆக எட்டுக்கும் ஒரே அளவு காற்று போனாலும் ஒரே அளவு பெட்ரோல் போகும் என்று சொல்ல முடியாது.

கடைமடை சிலிண்டருக்கு பெட்ரோல் குறைந்தால் வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அப்படியில்லை. முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் குறைந்த கலவை தாறுமாறாக எரிந்து, சூடு எகிறி, பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும். எனவே ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தி, எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். பிளக்கின் முனை கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, ஆபத்து. இளம் காப்பி நிறத்தில் இருந்தால் நிம்மதி. எட்டும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் நல்ல மேனிஃபோல்டுக்கு அத்தாட்சி. லேப் வேண்டாம், மீட்டர் வேண்டாம், கண் போதும்.

ஃபோர்டு கம்பெனியே இதில் ஒரு குறிப்புக் கொடுத்திருந்தது. 1932ல் 65 ஆக இருந்த குதிரைத்திறன், 1933ல் 75 ஆனது. 1934ல் இரண்டு வாய் கொண்ட ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டரையும் அதற்கேற்ற புது மேனிஃபோல்டையும் போட்டார்கள், 85 ஆனது. எஞ்சினின் கொள்ளளவு ஒரு கன அங்குலம்கூடக் கூடவில்லை. மூச்சு விடும் வழியைப் பெரிதாக்கினாலே இவ்வளவு என்றால், இரண்டு கார்புரேட்டர் வைத்தால்? மூன்று வைத்தால்? இந்தக் கேள்வி பல வீட்டுப் பின்கட்டுகளில் ஒரே சமயத்தில் எழுந்தது. 1936 முதல் 1938 வரை ஃபோர்டில் வந்த ஸ்ட்ரோம்பெர்க் 97 என்ற கார்புரேட்டர் காயலான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கேள்வி இன்னும் சூடாகிவிட்டது.

ஏன் குறிப்பாக மேனிஃபோல்டு? எஞ்சினில் மாற்ற எத்தனையோ இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் செய்ய வேண்டுமானால் சம்மட்டி அடிக்கும் பெரிய ஆலை வேண்டும். கேம் ஷாஃப்ட் அரைக்கத் தனி மெஷின் வேண்டும், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகினால் போச்சு. ஆனால் மேனிஃபோல்டில் அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. சுழலாது, உரசாது, எரிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியதும் இல்லை. அது ஒரு வளைந்த குழாய், அவ்வளவே. கைக்காசு குறைந்தவன் சொந்தமாகச் செய்து, தப்பானால் கழற்றி வீசிவிட்டு, மறுபடி செய்யக்கூடிய பாகம் அது ஒன்றுதான். ஹாட் ராட் உலகத்துக்குள் நுழைய மிகக் குறைந்த கட்டணம் வசூலித்த வாசல் என்று சொல்லலாம்.

செய்ய இரண்டு வழி உண்டு. இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மொத்தக் கதையும் அடங்கியிருக்கிறது.

முதல் வழி வார்ப்பு. மேனிஃபோல்டின் வடிவத்தை மரத்தில் இழைத்து பேட்டர்ன் செய்ய வேண்டும். அலுமினியம் ஆறும்போது சுருங்கும் என்பதால், 30 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடுதலாக வைத்து இழைக்க வேண்டும். (பேட்டர்ன் ஆசாரிகளிடம் இதற்கென்றே கொஞ்சம் 'நீளமான' ஸ்கேல் இருக்கும். அதைத் தெரியாமல் வாங்கி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினால் கதவு சட்டத்துக்குள் போகாது.) உள்ளே காற்று போகும் பாதைகளுக்கு, மணலை எண்ணெயோடு பிசைந்து சுட்டு கோர் செய்ய வேண்டும். பேட்டர்னை மணலில் பதித்து எடுத்து, உண்டான பள்ளத்துக்குள் கோரை வைத்து, பவுண்டரியில் உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் உள்ளே இருக்கும் கோரைக் குத்தி உதிர்த்தால் பாதை கிடைக்கும். பிறகு அடிப்பாகத்தை மில்லிங் செய்து சமப்படுத்தி, போல்ட் ஓட்டைகள் போட வேண்டும்.

வணிகவியல் முதலாண்டு பாடத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று பக்கம் பக்கமாகப் படிப்போமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். பேட்டர்ன் செய்வதில்தான் வாரக்கணக்கில் உழைப்பும் பணமும் போகிறது. அது ஒரு முறை செலவு. செய்து முடித்தபின் ஒன்று வார்த்தாலும் நூறு வார்த்தாலும் பேட்டர்ன் அதேதான். கூடுதலாக ஒன்று வார்க்க ஆகும் செலவு கொஞ்சம் அலுமினியமும் பவுண்டரி கூலியும். தனக்காக மட்டும் ஒன்று செய்தவனுக்கு அந்த ஒன்றின் அடக்க விலை கண்ணைக் கட்டும். நண்பர்கள் பத்து பேருக்கு விற்றால்? தன்னுடையது கிட்டத்தட்ட இலவசம். ஆக வார்ப்பு வழியில் போனவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வியாபாரி ஆகியே தீர வேண்டும்.

விக் எடல்ப்ராக் அப்படித்தான் ஆனார். 1913ல் கான்சாஸ் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். குடும்பத்தின் மளிகைக் கடை தீயில் எரிந்துபோக, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். 1931ல் கலிபோர்னியா வந்து, கார் ரிப்பேர் கடை வைத்தார். 1938ல் ஒரு 1932 மாடல் ஃபோர்டு ரோட்ஸ்டரை வாங்கினார். வாரநாளில் சவாரிக்கும் வார இறுதியில் பந்தயத்துக்கும் அதே வண்டி. டாமி திக்ஸ்டன் என்பவரோடு சேர்ந்து ஒரு மேனிஃபோல்டு வடிவமைத்தார்கள். எடல்ப்ராக்குக்குத் திருப்தி இல்லை. தானே புதிதாக ஒன்றைச் செய்தார். இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 உட்காரும் அந்த மேனிஃபோல்டுக்கு 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர். உண்டிவில் என்று அர்த்தம்.

அதன் உள்ளே இருந்த யோசனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எட்டு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 90 டிகிரி திரும்புவதற்கு ஒருமுறை ஏதாவது ஒரு சிலிண்டர் மூச்சு இழுக்கத் தொடங்கும். ஆனால் ஒரு சிலிண்டர் மூச்சு இழுத்து முடிக்க 180 டிகிரிக்கு மேல் ஆகும். அதாவது முதலாமவன் பாதி குடிக்கும்போதே அடுத்தவன் அதே குழாயில் வாய் வைத்துவிடுகிறான். பக்கத்து பக்கத்து சிலிண்டர்கள் என்றால் ஒருவர் பங்கை ஒருவர் பிடுங்கிக்கொள்வார்கள். இதற்கு ஒரு வழி: மேனிஃபோல்டை உள்ளுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரித்துவிடுவது. எரியும் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு சிலிண்டர் ஒரு பாதைக்கு, மீதி நான்கு இன்னொன்றுக்கு. இப்போது ஒவ்வொரு பாதையிலும் 180 டிகிரிக்கு ஒருமுறைதான் இழுப்பு வரும். சண்டை தீர்ந்தது. ஸ்லிங்ஷாட் இந்த 180 டிகிரி வகை. இதில் ஒரு நஷ்டமும் உண்டு. எந்த சிலிண்டரும் மொத்தக் கார்புரேட்டர் கொள்ளளவில் பாதியை மட்டுமே பயன்படுத்த முடியும். மிக அதிக ஆர்.பி.எம்.மில் அது மூச்சு முட்டும். சாலைக்கு இது, பந்தயத்துக்கு அது என்று இந்த வாதம் பிறகு ஐம்பது அறுபது வருடம் ஓடியது.

1941ல் ரோசமண்ட் வறண்ட ஏரியில் எடல்ப்ராக்கின் ரோட்ஸ்டர் மணிக்கு 121.42 மைல், அதாவது 195 கிலோமீட்டர் வேகம் எடுத்தது. ரேடியோவில் விளம்பரம் கொடுத்தால்கூட இப்படி விற்காது. ஏரியில் தோற்றவர்கள் நேராக வந்து, 'அந்த மேனிஃபோல்டு எங்களுக்கும் வேண்டும்' என்றார்கள். போருக்கு முன்பு விற்ற ஸ்லிங்ஷாட் நூறு அளவில்தான் இருக்கும். ஆனால் கடையின் தலையெழுத்தை மாற்ற அது போதுமானதாக இருந்தது.

இவர் ஒருவர் மட்டுமல்ல. வெஸ்ட் ஹாலிவுட்டில் எடி மேயர் தன் பெயரிலேயே இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு விற்றார். இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை 1928, 1933, 1936 என்று மூன்று முறை ஜெயித்த லூயி மேயரின் சகோதரர் அவர். ஃபில் வேயண்டின் கதை நெஞ்சைக் கனக்க வைப்பது. 1930களில் மியூராக்கில் நடந்த விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி வண்டி ஓட்டிப் பந்தயத்தில் ஜெயிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேனிஃபோல்டு வடிவமைத்தார். வேயண்ட் என்ற பெயர் பிறகு எத்தனையோ பந்தய எஞ்சின்களின் மேல் எழுத்தாக வார்க்கப்பட்டிருந்தது. ஏரித் தரையில் அன்று தலைக்கவசம், சீட் பெல்ட் எல்லாம் பேருக்குத்தான். 120 மைல் வேகத்துக்குக் கொடுத்த விலையை வெறும் டாலர் கணக்கில் எழுதிவிட முடியாது.

போர் வந்தது. மியூராக் ஏரி ராணுவ விமானத் தளத்துக்குப் போய்விட்டது. சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிய இடம் அதுதான், பின்னாளில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் என்று பெயர் மாறியது. எடல்ப்ராக் லாங் பீச் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தார். இன்னும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் டக்ளஸ், லாக்ஹீட், நார்த்ராப் விமானத் தொழிற்சாலைகளில் அலுமினியத்தை வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். மந்த வாயுவுக்குள் டங்ஸ்டன் முனையில் வில் எரியவிட்டு ஒட்டும் 'ஹீலியார்க்' வெல்டிங் முறை 1941ல் நார்த்ராப்பில் உருவானதுதான். இன்று டிக் வெல்டிங் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்கிறோமே, அதன் மூதாதை. போர் முடிந்து வீடு திரும்பியவர்களிடம் கையில் கொஞ்சம் காசு, விரலில் நிறைய வித்தை.

எடல்ப்ராக் 1946ல் முதல் விலைப்பட்டியல் புத்தகம் போட்டார். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1949ல் யூட்டா மாகாணத்தின் போனவில் உப்புப் படுகையில் முதல் வேக வாரம் நடந்தது. அலெக்ஸ் சைடியஸின் கடை கட்டிய நீள்வடிவ வண்டியும் எடல்ப்ராக் தயார் செய்த பிளாட்ஹெட் எஞ்சினும் சேர்ந்து 1950ல் அங்கே 200 மைலைத் தாண்டின. பதினெட்டு வருடம் முன்பு 65 குதிரைத்திறனோடு பிறந்த அதே எஞ்சின் குடும்பம்!

இதே வேளையில் ஒருவர் மேனிஃபோல்டையே ஒழித்துக்கட்டும் வழியை யோசித்தார். ஸ்டூ ஹில்போர்ன். எட்டு சிலிண்டருக்கும் எட்டு தனிக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முனை வழியாக பெட்ரோலை நேராகப் பீய்ச்சுவது. பொதுவான வாய்க்கால் இல்லை, எனவே கடைமடையும் இல்லை. 1948ல் அவருடைய வண்டி வறண்ட ஏரியில் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. ஆனால் துல்லியமான பம்பும் முனையும் செய்ய எல்லோராலும் ஆகிற காரியமா? பெரும்பாலானவர்கள் குழாயோடும் கார்புரேட்டரோடும்தான் மல்லுக்கட்டினார்கள்.

இங்கே இரண்டாவது வழி வருகிறது: வெல்டிங். கேஸ்கட்டை இரும்புத் தகட்டின் மேல் வைத்து, ஓட்டைகளைக் கோடு போட்டுக்கொள்வார்கள். கேஸ்கட்டே டெம்ப்ளேட், தனியாக வரைபடம் எதற்கு? அரை அங்குலத் தகட்டில் ஃபிளாஞ்ச் வெட்டி, வளைந்த குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்துப் பொருத்தி, மேலே ஒரு நீளக் குழாயில் சேர்ப்பார்கள். நீளக் குழாயின் முதுகில் கார்புரேட்டர்கள் மூன்று, நான்கு, ஆறு என்று வரிசையாக உட்காரும். மரக்கட்டை மாதிரிக் கிடப்பதால் அதற்கு 'லாக்' மேனிஃபோல்டு என்று பெயர். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வாழைப்பழம் மாதிரி வளைந்துகொள்ளும். அதனால் பழைய ஹெட் ஒன்றின் மேல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுவார்கள். எப்படி ஒட்டினாலும் கடைசியில் மில்லிங் போட்டு அடியைச் சமன் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் காற்றுக் கசியும். காற்றுக் கசிந்தால் கலவையில் பெட்ரோல் பங்கு குறையும். குறைந்தால் பிஸ்டனில் ஓட்டை. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

ஆறு கார்புரேட்டர் வைத்துவிட்டால் போதுமா, ஆறும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்க வேண்டுமே! ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்து, உஸ்ஸென்ற சத்தம் ஒரே மாதிரிக் கேட்கும் வரை திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நல்ல காது உள்ளவனுக்கு நண்பர்கள் மத்தியில் தனி மரியாதை.

வெல்டிங் வழியின் பொருளாதாரம் வார்ப்புக்கு நேர் எதிர். முதலில் போடும் பெரிய செலவு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டாவது மேனிஃபோல்டு செய்யவும் முதலாவதுக்குப் பட்ட அதே பாடு படவேண்டும். பத்தாவதுக்கும் அப்படியே. எனவே இந்த வழியில் போனவர்களில் கம்பெனி முதலாளி ஆனவர்கள் குறைவு. அவர்கள் பெயர்களும் வார்ப்பு எழுத்துகளாக நிலைக்கவில்லை. ஆனால் புதுசாக ஏதாவது முயன்று பார்க்க வேண்டுமென்றால் இதைவிட்டால் வேறு வழியில்லை. பேட்டர்ன் செய்தவன் அதில் போட்ட காசை எடுக்கும் வரை வடிவத்தை மாற்ற யோசிப்பான். குழாய் ஒட்டியவனுக்கு ஒரு ஹாக்ஸா பிளேடு போதும். பரிசோதனைக்கு வெல்டிங், வியாபாரத்துக்கு வார்ப்பு. கடையில் விற்ற மேனிஃபோல்டுகளின் வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. யோசனைகள் பலவும் முதலில் சூடு பட்டது இந்தப் பெயரில்லாத குழாய்களில்தான் என்பதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

சான் டியாகோவின் ப்ரூஸ் க்ரோவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். 1950களில் அவர் 'யூ-ஃபேப்' என்று ஒரு மேனிஃபோல்டு கிட் விற்றார். 'நீயே செய்துகொள்' என்பது அர்த்தம். ஹெட்டில் பொருந்தும் கஷ்டமான பகுதிகள் தயாராக வரும். மேலே எத்தனை கார்புரேட்டர், எப்படி என்பதெல்லாம் வாங்குபவர் பாடு. நடுவில் இணைக்க ரப்பர் ஹோஸ். பேட்டர்ன் செலவைப் பலர் தலையில் பங்கிட்டுவிட்டு, பரிசோதனை செய்யும் சந்தோஷத்தை வாடிக்கையாளரிடமே விட்டுவிட்டார். மார்க்கெட்டிங் வகுப்பில் நடத்த வேண்டிய கேஸ் ஸ்டடி இது.

கையால் செய்த மேனிஃபோல்டுகளிலேயே புகழ்பெற்றது எது என்று கேட்டால், கலிபோர்னியாவை விட்டு டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே கிரைஸ்லர் கம்பெனியின் இளம் எஞ்சினியர்கள் சிலர், மதிய உணவு இடைவேளைப் பேச்சிலிருந்து 1958ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். பெயர் ராம்சார்ஜர்ஸ். பகலில் கம்பெனி வேலை, இரவில் சொந்தக் காசில் ஒரு பழைய 1949 மாடல் பிளிமத் கார். அதில் ஒரு கிரைஸ்லர் ஹெமி எஞ்சினை ஏற்றி, அதன் மேல் குழாய்களால் ஆன உயரமான மேனிஃபோல்டு ஒன்றைக் கட்டினார்கள். பானெட்டுக்கு மேலே ஒரு புகைக்கூண்டு மாதிரி எழுந்து நின்றது அது. வண்டியும் பார்க்கக் கொக்கு மாதிரி உயரம். 'ஹை அண்ட் மைட்டி' என்று பெயர் வைத்தார்கள். 1959ல் டெட்ராய்ட்டில் நடந்த தேசிய டிராக் பந்தயத்துக்கு அதைக் கொண்டுவந்தபோது சிரித்தவர்கள், அது ஓடியதும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்த உயரம் வெறும் பகட்டு இல்லை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சத்தம் வருமே, உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிவதால் வரும் சத்தம் அது. மேனிஃபோல்டு குழாயிலும் இதே சங்கதிதான். வேகமாக ஓடிவரும் காற்று, வால்வு படக்கென்று மூடியதும் மோதி அமுங்குகிறது. அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில் குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருகிறது. திரும்பி வரும் நேரமும் வால்வு மறுபடி திறக்கும் நேரமும் ஒத்துப்போனால், அந்த அலையே காற்றைச் சிலிண்டருக்குள் நெட்டித் தள்ளும். சூப்பர்சார்ஜர் இல்லாமலே சூப்பர்சார்ஜ்! ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளுவது போல. குழாய் நீளமானால் அலை திரும்ப நேரமாகும், எனவே குறைந்த ஆர்.பி.எம்.மில் பலன். குட்டையானால் அதிக ஆர்.பி.எம்.மில் பலன். ரப்பர் ஹோஸ் இணைப்பு இருந்தால் நீளத்தை மாற்றுவதும் எளிது.

1960ல் கிரைஸ்லர் 300எஃப் என்ற சொகுசுக் கார் கடைக்கு வந்தது. அதன் எஞ்சின் மேல் இரண்டு பக்கமும் 30 அங்குல நீளக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. இடது பக்கக் கார்புரேட்டர் வலது பக்க சிலிண்டர்களுக்கு ஊட்டியது, வலது இடதுக்கு. 375 குதிரைத்திறன், அதிகபட்ச இழுவிசை 2800 ஆர்.பி.எம்.மிலேயே. இதே காரில் வேகப் பிரியர்களுக்கென்று 400 குதிரைத்திறன் கொண்ட வகை ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் அதே நீளக் குழாய்கள்தான். உள்ளே தடுப்புச் சுவரைப் பாதி வரை நீக்கி, நிஜ நீளத்தை 15 அங்குலமாகக் குறைத்திருந்தார்கள். பிளிமத்தில் கட்டியதும் சொகுசுக் காரில் விற்றதும் ஒரே அலுவலக வராண்டாவில் புழங்கிய யோசனைகள். எது எதற்கு முன்னோடி என்று சண்டை போடுவது வீண். இரவில் சொந்தக் காசில் கை அழுக்காக்கியவர்கள்தான் பகலில் கம்பெனியின் பந்தய எஞ்சின்களையும் தீட்டினார்கள். 1964ல் உலகம் பார்த்த 426 ஹெமி எஞ்சின் அவர்களில் ஒருவரான டாம் ஹூவரின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது.

1963ல் பாகம் தயாரிப்பாளர்கள் சேர்ந்து சேமா என்ற சங்கம் வைத்தார்கள். முந்தைய வருடம்தான் விக் எடல்ப்ராக் இறந்திருந்தார். மகன் கடையை எடுத்து நடத்தினார். பின்கட்டு வேலை முறையான தொழில்துறை ஆகிவிட்டது.

அடுத்த திருப்பம் புகையிலிருந்து வந்தது. 1970ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இறுகியது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், சாலையில் ஓடும் வண்டியில் மாற்றிப் போடும் பாகம் புகையைக் கூட்டாது என்று சோதித்து, விலக்கு ஆணை எண் வாங்க வேண்டும் என்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் வானத்தின் அன்றைய நிலையை நினைத்தால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய கணக்கு இங்கே மறுபடி எட்டிப் பார்க்கிறது. சோதனைச் செலவும் ஒரு நிலையான செலவுதான். ஆயிரம் மேனிஃபோல்டு வார்க்கும் கம்பெனி அதை ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளும். வீட்டில் ஒன்றே ஒன்று ஒட்டியவன் எதால் வகுப்பான்? அவனுக்கு இரண்டே இடம் மிச்சமிருந்தது. ஒன்று பந்தயத் தளம். மற்றொன்று, புகைச் சோதனையிலிருந்து விலக்கு பெற்ற 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் வண்டிகள்.

பந்தயத் தளத்தில் அவன் நன்றாகவே வாழ்ந்தான். 1970ல் தொடங்கிய ப்ரோ ஸ்டாக் டிராக் பந்தயத்தில் முதலில் வார்ப்பு மேனிஃபோல்டுகள் ஆண்டன. போகப் போக, அலுமினியத் தகட்டை வெட்டி ஒட்டிய மேனிஃபோல்டுகள் அவற்றைத் துரத்திவிட்டன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்காக மாதம் ஒரு வடிவம் மாற்றுபவனுக்கு பேட்டர்ன் கட்டுப்படியாகாது. 2016ல் அந்தப் பந்தயத்தில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது.

சாலைக் கார்களில் இன்ஜெக்‌ஷன் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. பெட்ரோல் வால்வுக்குப் பக்கத்திலேயே பீய்ச்சப்படுவதால் மேனிஃபோல்டுக்குள் இப்போது வெறும் காற்று மட்டும். துளி சுவரில் ஒட்டும் பழைய தலைவலி தீர்ந்தது. 1997ல் கோர்வெட்டில் வந்த எல்.எஸ்.1 எஞ்சினின் மேனிஃபோல்டு அலுமினியம்கூட இல்லை, பிளாஸ்டிக் வகை. சொந்தமாகச் செய்பவருக்கு இது ஒரு விதத்தில் வசதி. கம்ப்யூட்டரில் வரைந்து, ஃபிளாஞ்சை லேசரில் வெட்டி வாங்கி, டிக் வெல்டிங்கில் ஒட்டிவிடலாம். சிலர் முப்பரிமாணப் பிரிண்டரிலேயே அச்சடிக்கிறார்கள். மரத்தை இழைக்கும் அந்தப் பெரிய முதல் செலவு இப்படியாகக் கரைந்துவிட்டது.

ஆனால் பிளாட்ஹெட் ஆசாமிகள் இதற்கெல்லாம் மசிவதில்லை. எஸ்.சி.டி.ஏ. போட்டிகளில் பழைய ஃபோர்டு, மெர்க்குரி பிளாட்ஹெட் எஞ்சின்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. மியூராக் கைவிட்டுப் போனபின் சங்கத்தின் வீடாகிப்போன எல் மிராஜ் வறண்ட ஏரியில், அந்த எஞ்சின்கள் ஸ்ட்ரோம்பெர்க் 97களைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறார்கள்.